கரம்பொனில் எஞ்சிய ஒரேயொரு “சோளகம்” கசற்

சரவணமுத்துவின் பொங்கோ 1997ஆம் ஆண்டு மாசி மாதத்தில் கரம்பொனில் நின்றுபோனது. பாட்டு நிற்கவில்லை. லியோனின் குரலும் டெனிஸ்ரனின் கிற்றாரும் 1984இல் பதிந்தபடியே ஓடிக்கொண்டிருக்க, பொங்கோ இருந்த இடம் மட்டும் பல் விழுந்த ஈறுபோல வெறுமையாகக் கிடந்தது. கசற்றின் நாடா இழுபட்டிருக்கும் என்றுதான் லியோனின் மனைவி றஞ்சனி முதலில் நினைத்தாள். பென்சிலை விட்டுச் சுற்றி இறுக்கினாள், துணியால் துடைத்தாள், மறுபடி போட்டாள். எட்டுப் பாட்டிலும் பொங்கோ இல்லை. ஆவணியில் வன்னியிலிருந்து சுற்றுவழியாகக் கப்பலில் வந்த ஒருவர், நயினாதீவுக்குப் போகும் வழியில் கரம்பொனில் இறங்கி, சரவணமுத்து மாசி மாதத்தில் அக்கராயனில் மலேரியாக் காய்ச்சலால் செத்துப்போனதாகச் சொன்னார். றஞ்சனி அவருக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துவிட்டு, “தெரியும்” என்றாள்.

அந்தக் கசற்றின் பெயர் “சோளகம்”, தென்மேற்கிலிருந்து வீசுகிற காற்றின் பெயர். கரம்பொன் லியோன் பாட, அவனுடைய கூட்டாளி டெனிஸ்ரன் கிற்றார் அடிக்க, நயினாதீவுச் சரவணமுத்து பொங்கோ தட்ட, “மூவலை” என்ற பெயரில் அவர்கள் யாழ்ப்பாணத்து ஒலிப்பதிவுக் கடையொன்றின் பின்னறையில், சத்தம் விழக்கூடாதென்று ஃபானை நிற்பாட்டிவிட்டு, வேர்த்து வழியப் பதிந்த பொப் பாட்டுகள். அந்த வருடம் தீவுப்பகுதியில் கலியாண வீடுகள், பெருநாள்கள், லோஞ்சுகள் எங்கும் அதுதான் பாடியது. நெடுந்தீவு லோஞ்சில் கடல் கடுமையான நாட்களில் சத்தியெடுத்துக்கொண்டிருந்தவர்களும் இரண்டாம் பாட்டுக்குக் காலால் தாளம் போட்டார்கள். றஞ்சனி மட்டும் அதைக் கேட்கவில்லை. அவள் மாதா கோயில் பாடகர் குழுவில் முதற்குரல் பாடுகிறவள். பொப் என்றால் இடுப்பை ஆட்டிக்கொண்டு கத்துவது என்பது அவளுடைய எண்ணம். இது ஒரு காரணம். மற்றக் காரணம் மூன்றாம் பாட்டு. அதில் லியோன் இடது கன்னத்தில் மறு உள்ள ஒருத்தியை நினைத்து உருகினான். றஞ்சனிக்கு எந்தக் கன்னத்திலும் மறு இல்லை. இது ஊரறிந்த விடயம். நல்ல தண்ணிக் கிணற்றடியில் பெண்கள் அவளுடைய முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டுத் தங்களுக்குள் சிரித்தார்கள். “ஆரப்பா அவள்?” என்று லியோனைக் கேட்டபோது, “பாட்டெண்டால் அப்பிடித்தான், உமக்கு விளங்காது” என்று சொல்லிவிட்டு வலையைத் தூக்கிக்கொண்டு போனான். அதன் பிறகு அவள் கேட்கவில்லை. தீவுப்பகுதியில் கன்னத்தில் மறு உள்ள பெண் எவளைக் கண்டாலும் அவளோடு கதைப்பதை மட்டும் விட்டாள். சங்கக்கடை மனேச்சரின் மனைவியும் பங்குச் சுவாமியாரின் தங்கச்சியும் இப்படித்தான், தாங்கள் செய்த குற்றம் இன்னதென்று அறியாமலே அவளுடைய பகையைத் தேடிக்கொண்டார்கள்.

தொண்ணூறில், சண்டை வந்தபோது, எல்லோரையும் போல அவர்களும் தீவை விட்டு ஓடினார்கள். தொண்ணூற்றைந்தில் யாழ்ப்பாணத்தையும் விட்டு ஓடினார்கள். தொண்ணூற்றாறு சித்திரையில், தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூட விறாந்தையில் இருந்தபோது, லியோன் கிளாலியில் வள்ளம் ஏறினான். “நான் முன்னுக்குப் போய் வன்னியில ஒரு இடம் பாக்கிறன், நீர் அக்காவையும் கூட்டிக்கொண்டு வாற கிழமை வாரும்” என்றான். வாற கிழமை வள்ளம் ஓடவில்லை, இராணுவம் வந்தது. போனவர்கள் அந்தப் பக்கமும் நின்றவர்கள் இந்தப் பக்கமும் ஆனார்கள். அந்த வருடக் கடைசியில் தீவுக்குத் திரும்பலாம் என்று விட்டபோது, றஞ்சனியும் லியோனின் தமக்கை அல்போன்சம்மாவும் கரம்பொனுக்கு வந்தார்கள். வீட்டில் ஓடு இல்லை, கதவு இல்லை, யன்னல் நிலைகளும் இல்லை. சுவர் மாடத்தில் இருந்த திருவிருதயச் சுரூபத்தையும் யாரோ கொண்டுபோயிருந்தார்கள். அது இருந்த இடத்தில், பின்னுக்கு, இந்தக் கசற் இருந்தது.

“கள்ளனே வேண்டாமெண்டு விட்டிட்டுப் போன பாட்டு” என்றாள் றஞ்சனி.

“எடியே, என்ர தம்பியின்ர குரலை ஒருக்கால் கேக்கவேணும். போடும்.”

“பற்றரிக்கு எங்கை போறது மச்சாள்?”

“சைக்கிள் நிக்குதெல்லே. சுத்தும்.”

அல்போன்சம்மாவுக்குக் கைமூட்டு வீக்கம். ஆகையால் றஞ்சனிதான் சைக்கிளை ஸ்ராண்டில் விட்டு, பக்கத்தில் கதிரையைப் போட்டு இருந்து, கையால் பெடலைச் சுற்றினாள். பின்சில்லு டைனமோவைச் சுழற்ற, டைனமோவின் வயர் இரண்டும் கசற் றேடியோவுக்குப் போக, லியோன் பாடினான். மெதுவாகச் சுற்றினால் குரல் கிழவனின் குரலாக இறங்கியது. கெதியாகச் சுற்றினால் பெண்பிள்ளை போலக் கீச்சிட்டது. சரியான லியோனைப் பிடிக்கச் சுற்றுகிறவளின் கை அவனை அறிந்திருக்க வேண்டும். மறு இல்லாத பெண், மறு உள்ளவளைப் பற்றிய பாட்டுக்குத் தானே கைநோகச் சுற்றிக் கரண்டு கொடுத்தாள்.

பொங்கோ நின்ற செய்தி உறுதியான பிறகு கரம்பொன் ஆட்கள் அதைப் பற்றி அதிகம் அதிசயப்படவில்லை. பொருள் கிடைக்காத காலம், தபாலும் ஒழுங்காக வராத காலம். செய்தி ஏதோ ஒரு வழியால் வரத்தானே வேண்டும் என்றார்கள். றஞ்சனி ஒவ்வொரு பின்னேரமும் சுற்றத் தொடங்கினாள். முதலில் அவள் பாட்டைக் கேட்கவில்லை, அவன் உயிரோடு இருக்கிறானா என்று மட்டும் கேட்டாள். முதற்பாட்டின் முதல் வரி வந்ததும் நிற்பாட்டிவிட்டுச் சோறு வடிக்கப் போவாள். பிறகு முதற்பாட்டு முழுவதும் கேட்டாள். பிறகு கசற்றைத் திருப்பிப் போட்டாள். தொண்ணூற்றெட்டில், இரண்டாம் பாட்டில் அவன் மேலே போகிற இடம் கோயில் குழுவில் ஒருவராலும் ஏலாத இடம் என்பதைத் தனக்குள் ஒப்புக்கொண்டாள். ஐந்தாம் பாட்டில் ஒரு சொல்லை வேண்டுமென்றே பிந்தி எடுக்கிறான் என்பதும், அந்தப் பிந்தலில்தான் பாட்டு முழுவதும் தொங்குகிறது என்பதும் அவளுக்கு விளங்கப் பதினான்கு வருடம் எடுத்தது. ஆறாம் பாட்டுத்தான் திறம் என்று சொன்ன அல்போன்சம்மாவோடு இரண்டு நாள் கதைக்காமல் இருந்தாள். மார்கழிப் பனிக்கு லியோன் நாலாம் பாட்டின் நடுவில் இருமினான். றஞ்சனி பழக்க தோஷத்தில் எழும்பிப்போய் மல்லித்தண்ணி அவித்து, கோப்பையோடு வந்து நின்று, அதை யாருக்குக் கொடுப்பதென்று தெரியாமல் தானே குடித்தாள்.

“முந்தி அவன் வீட்டு முத்தத்தில நிண்டு பாடேக்கை காதைப் பொத்தினனீர்” என்றாள் அல்போன்சம்மா.

“முந்தி அவர் பக்கத்தில நிண்டவர் மச்சாள். பக்கத்தில நிக்கிற ஆளின்ர பாட்டை ஆர் கேக்கிறது?”

2000ஆம் ஆண்டு சித்திரையில் கிற்றார் நின்றது. டெனிஸ்ரனும் வன்னியில்தான் இருந்தான். அவனுடைய மனைவி மேரிஜோசப்பின் கரம்பொனில் இருந்தாள். றஞ்சனி ஆள் அனுப்ப, அவள் வந்து கதிரையில் இருந்து எட்டுப் பாட்டையும் கேட்டாள், இன்னொருமுறை சுற்றச் சொல்லிக் கேட்டாள், எழும்பி நேரே சுவாமியாரிடம் போனாள். சுவாமியார் மரண அறிவித்தல் ஏதும் இருக்கிறதா என்று கேட்க, சரவணமுத்துவின் கதையைச் சொன்னாள். அதற்குமேல் அவர் கேட்கவில்லை. ஆத்தும இளைப்பாற்றிப் பூசை ஒப்புக்கொடுக்கப்பட்டது. முப்பத்தோராம் நாள் ஊருக்குச் சாப்பாடு கொடுத்து, டெனிஸ்ரனின் சேட்டுகளையும் சாரங்களையும் இல்லாதவர்களுக்குப் பிரித்துக் கொடுத்து, அவள் கறுப்பு உடுத்தாள். முறைப்படி செய்ய வேண்டியதில் ஒரு குறையும் இல்லை.

2002இல் சண்டை நின்று வன்னிப் பாதை திறந்தபோது டெனிஸ்ரன் பஸ்ஸால் வந்து இறங்கினான். வலது கை தோளோடு இல்லை. பளையில் ஷெல் விழுந்து போன கை. தன்னுடைய சேட்டைப் போட்டுக்கொண்டு நின்ற ஒருவன்தான் அவனுக்கு வீடுவரை பையைத் தூக்கி வந்தான்.

“இஞ்சாருங்கோ, உங்களுக்குப் பூசை வைச்சாச்சு” என்றாள் மேரிஜோசப்பின், படலையைத் திறக்காமலே.

“ஆரடி உனக்கு நான் செத்ததெண்டு சொன்னது?”

“நீங்கள் வாசிக்கிற சத்தம் நிண்டுபோச்சுது.”

“கை இல்லாமல் காலாலயே வாசிக்கிறது?”

அப்போதுதான் கரம்பொன் ஆட்களுக்குத் தாங்கள் விட்ட பிழை விளங்கியது. அந்தக் கசற் ஒருவன் இருப்பதையும் இல்லாததையும் சொல்லவில்லை. வாசிக்கிறானா, பாடுகிறானா என்பதை மட்டுமே சொன்னது. மேரிஜோசப்பின் படலையைத் திறந்தாள், சமைத்துப் போட்டாள், ஆனால் கறுப்பைக் கழற்றவில்லை. பழகிவிட்டது என்றாள். தான் அழுது முடித்துவிட்ட ஒருவனுக்காக மறுபடி சந்தோஷப்பட அவளுக்கு ஏலாமல் இருந்தது. டெனிஸ்ரன் அந்த வீட்டில் பூசை முடிந்த மனிதனாகவே இருந்தான். ஊரில் யாரும் அவனிடம் துக்கமும் விசாரிக்கவில்லை, சுகமும் விசாரிக்கவில்லை.

றஞ்சனி அவனைத் தேடிப் போனாள். அவளுக்கு வேறொரு கேள்வி இருந்தது. போன வருடத்திலிருந்து மூன்றாம் பாட்டில் லியோன் ஒரு வரியை முடிக்க, பின்னால் ஒரு பெண் அதைத் திருப்பிப் பாடினாள். 1984இல் அப்படி ஒரு பெண் இருக்கவில்லை.

“தம்பி, ஒளிக்காமல் சொல்லும். அவர் ஆரோட இருக்கிறார்?”

“முல்லைத்தீவுக் கரையில அக்கா. தொழில் செய்யிறான். ஒரு பெட்டையோட... பிலிப்பு எண்டு வலை வள்ளம் வைச்சிருக்கிற ஒரு சம்மாட்டியாற்ற மகள்.”

“இடது கன்னத்தில மறு இருக்கோ?”

டெனிஸ்ரனுக்கு முதலில் கேள்வி விளங்கவில்லை. விளங்கியதும் நிலத்தைப் பார்த்துக்கொண்டு, “ஒரு மறுவும் இல்லையக்கா. பல்லு கொஞ்சம் மிதப்பு, அவ்வளவுதான். அந்தப் பாட்டுக்கு ஆளே இல்லை. அது நான் எழுதின வரி. பொப் பாட்டெண்டால் ஒரு மறு வேணுமெண்டு எழுதினனான்” என்றான்.

பதினெட்டு வருடம் அவள் இல்லாத ஒருத்தியோடு கோபித்துக்கொண்டு இருந்திருக்கிறாள். அதற்கிடையில் உண்மையாகவே இருக்கிற ஒருத்தி வந்துவிட்டாள். றஞ்சனி வீட்டுக்கு வந்து, வழக்கம்போலச் சைக்கிளுக்குப் பக்கத்தில் இருந்தாள். அன்றைக்கு அவள் சுற்றிய வேகத்தில் லியோன் கீச்சுக் குரலில் பாடினான்.

முல்லைத்தீவிலிருந்து கரம்பொனுக்கு அப்போது ஒரு பகல் பயணம். போனவர்கள் பலர் வந்தார்கள். லியோன் வரவில்லை. அவனுடைய குரல்தான் நாளுக்கு நாள் திருந்திக்கொண்டு வந்தது. 2003இல் அவன் பாடியதைப்போல அந்தக் கசற்றில் அவன் முன்னும் பின்னும் பாடவில்லை என்பது றஞ்சனியின் தீர்ப்பு. சந்தோஷமாக இருக்கிறவனின் பாட்டு அது, அதைக் கேட்டு அவளுக்கு வயிறு எரிந்தது, எரிய எரியக் கேட்டாள். அல்போன்சம்மா போய்ப் பார்த்துவிட்டுக் கருவாட்டுப் பையோடு திரும்பினாள்.

“வாறன் எண்டவன்.”

“எப்பவாம்?”

“அதைச் சொல்லேல்லை. ஒரு பெட்டைக்குஞ்சு இருக்குது, அன்ரனிட்டா எண்டு பேர். எங்கட அம்மாவின்ர மூக்கு—”

“கருவாட்டை அங்கால வையுங்கோ, மணக்குது” என்றாள் றஞ்சனி.

2004இன் நடுவில் ஊருக்குக் கரண்டு வந்தது. றேடியோவைக் கரண்டில் கொழுவிப் பார்த்தார்கள். சரவணமுத்து பொங்கோ தட்டினான், டெனிஸ்ரன் கிற்றார் அடித்தான், இருபத்தைந்து வயது லியோன் தனியே பாடினான். மிதப்புப் பல்லுக்காரியும் இல்லை, பின்னால் கேட்கத் தொடங்கியிருந்த குழந்தையின் மழலையும் இல்லை. கேட்க வந்தவர்களுக்கு அது நல்லாக இருந்தது. “பொய்ப் பாட்டு” என்று சொல்லி றஞ்சனி வயரைப் பிடுங்கி மறுபடி டைனமோவில் கொழுவினாள்.

அந்த வருடம் நத்தார்ப் பண்டிகைக்கு மறுநாள் சுனாமியாய்க் கடல் வந்தது. கரம்பொனுக்குப் பெரிதாக வரவில்லை. பின்னேரம் றஞ்சனி சுற்றியபோது எட்டுப் பாட்டும் தண்ணிக்குள்ளிருந்து கேட்டன. இரண்டாம் நாள் தண்ணி வடிந்தது. லியோன் இருந்தான், குழந்தை இருந்தாள், அந்தப் பெண்ணின் குரல் இல்லை. அவள் போகவேண்டும் என்று எத்தனை செபமாலை உருட்டினேன் என்று நினைத்துப் பார்த்த றஞ்சனி, வர வேண்டிய சந்தோஷத்துக்காகக் கொஞ்ச நேரம் காத்திருந்தாள். அது வரவில்லை. மூன்றாம் பாட்டில் அவள் திருப்பிப் பாடுகிற இடம் வந்தபோது, தன்னையறியாமல் வாயைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள்.

சாவு நடந்த வீட்டை வருட நினைவு முடியுமுன் பூட்டிவிட்டு வெளிக்கிடுவது முறையல்ல. அவனும் அந்த வருடத்தைக் காத்தான், அவளும் காத்தாள். 2006 தையில் அல்போன்சம்மாவை அனுப்பி, “பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வரச்சொல்லுங்கோ. நான் ஒண்டும் கேக்கமாட்டன்” என்று சொல்லிவிட்டாள். இந்த ஒரு வசனத்தைச் சொல்ல அவள் எவ்வளவு பாடுபட்டாள் என்பதை அல்போன்சம்மா மட்டும் அறிவாள். ஓம், வருகிறேன், சோளகத் தொழில் முடியட்டும், புரட்டாதியில் வருகிறேன் என்று லியோன் சொல்லி அனுப்பினான். றஞ்சனி சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தாள், சின்னக் கட்டில் ஒன்று செய்வித்தாள். ஆவணியில் சண்டை மறுபடி தொடங்கி, பாதையைப் பூட்டினார்கள். அடுத்த வருடம் அல்போன்சம்மா, தம்பியின் பாட்டு ஓடிக்கொண்டிருக்கையில், கதிரையிலேயே கண்ணை மூடினாள்.

2009இல் பாட்டின் பின்னால் வேறு சத்தங்கள் கேட்டன. முதலில் தூரத்தில், பிறகு கிட்ட. தையில் லியோன் ஓடிக்கொண்டே பாடினான், மாசியில் படுத்துக்கொண்டே பாடினான். பங்குனியில் தொண்டை வறண்டு போயிருந்தது. ஆனாலும் அவன் ஒரு பாட்டையும் விடவில்லை. ஏழு வயதுப் பிள்ளை பயப்படாமல் இருக்கப் பாடுகிறான் என்பது கேட்கிற யாருக்கும் விளங்கியது. சித்திரையில் ஒருநாள் ஐந்தாம் பாட்டில், அவன் வேண்டுமென்றே பிந்தி எடுக்கிற அந்தச் சொல் வரவில்லை. றஞ்சனி சுற்றிக்கொண்டே காத்திருந்தாள். அந்தச் சொல்லைப் பிள்ளை எடுத்தாள். அங்கிருந்து எட்டாம் பாட்டு வரை பிள்ளையே பாடினாள்.

சுவாமியார் தானாகவே வந்து, பூசை ஒப்புக்கொடுப்போமா என்று மெதுவாகக் கேட்டார். அவர் போனபிறகு மேரிஜோசப்பின் வந்தாள்.

“பூசை குடுக்காதையும். நான் குடுத்திட்டுப் பட்ட பாடு காணும்.”

“அப்ப நான் என்னெண்டு இருக்கிறது? பெண்சாதியாவோ, கைம்பெண்ணாவோ?”

“நான் ரெண்டுமாய்த்தானே இருக்கிறன். அதிலயும் ஒரு சுகமும் இல்லை.”

அவன் செத்திருக்கலாம். தொண்டை போயிருக்கலாம். இனிப் பாடுவதற்கு ஒன்றுமில்லை என்று வாயை மூடியிருக்கலாம். றஞ்சனி கறுப்பும் உடுக்கவில்லை, குங்குமக் கலர்ச் சேலையை அலுமாரியிலிருந்து எடுக்கவுமில்லை. பின்னேரங்களில் சுற்றினாள். வைகாசிக்குப் பிறகு பின்னால் சனத்தின் இரைச்சலும் வாளிகளின் சத்தமும் பெயர் கூப்பிடுகிற ஒலிபெருக்கியும் கேட்டன. செட்டிகுளத்து அகதி முகாம் என்று ஊரில் சொன்னார்கள். பிள்ளையின் குரல் தகப்பனுடைய குரலைவிட உயரம். ராகம் பிசகவில்லை, ஆனால் மூச்சு எடுக்கிற இடங்கள் பிழை. சொல்லிக்கொடுக்க ஆளில்லாத பாட்டு. அந்த வீட்டில் பாட்டு ஓடும்போது யாரும் வாய் திறப்பதில்லை. அது கோயில் பாடகர் குழுவிலிருந்து வந்த ஒழுங்கு. அல்போன்சம்மா செத்ததுகூட அந்த ஒழுங்கைக் காத்துத்தான். ஐப்பசியில் ஒருநாள், இரண்டாம் பாட்டு மேலே போகிற இடத்தில் பிள்ளை மறுபடியும் சொல்லின் நடுவில் மூச்செடுக்க, றஞ்சனிக்குப் பொறுக்கவில்லை.

“அதில மூச்செடுக்காதை பிள்ளை, அந்தச் சொல்லை முடிச்சிட்டு எடு” என்றாள்.

பிள்ளை நிற்பாட்டினாள். அந்த வரியைத் திருப்பி எடுத்தாள். சொல்லை முடித்துவிட்டு மூச்செடுத்தாள்.

பதின்மூன்று வருடம் றஞ்சனி லியோனைத் திட்டியிருக்கிறாள், குசினியில், கிணற்றடியில், கோயிலில் முழந்தாளில் நின்று. சில்லுச் சுழலும்போது ஒரு சொல் சொன்னதில்லை. வாரும் என்று ஒருமுறை, 2002இலோ 2003இலோ, பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையில் சொல்லியிருந்தால் போதும், அவனுக்குக் கேட்டிருக்கும். கை விறைத்துப்போய் அவள் கொஞ்சம் மெதுவாகச் சுற்ற, பிள்ளையின் குரல் தாழ்ந்தது. உடனே வேகத்தைச் சரிப்படுத்தினாள்.

“அன்ரனிட்டா” என்றாள். அந்தப் பெயரை அவள் சொன்னது அதுதான் முதல் தடவை. “அப்பா எங்கை?”

பிள்ளை பாடிக்கொண்டே போய் ஆறாம் பாட்டை முடித்ததும், நாடாவின் இரைச்சல் வந்தது.

“தண்ணி எடுக்கப் போனவர்” என்றாள் பிள்ளை. “வரேல்லை.”

“நீ இஞ்சை வந்திடு. கட்டில் கிடக்குது.”

“ஏலாது. முகாமைச் சுத்திக் கம்பி அடிச்சிருக்கு.”

கம்பி என்றால் என்னவென்று தீவுப்பகுதியில் ஒருவருக்கும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. றஞ்சனி சரியென்று தலையை ஆட்டிவிட்டு, கையை மாற்றிச் சுற்றினாள், பிள்ளை ஏழாம் பாட்டைத் தொடங்கினாள்.